இரண்டு கதவுகளுக்கு நடுவே

இரவு இரண்டே முக்கால். தொழிற்பேட்டையின் பின்பக்கச் சாலை. மூன்று தெருவிளக்குக்கு ஒன்றுதான் எரியும்... அந்தச் சாலையின் கடைசிக் கட்டடத்தில் காவல் வேலை பார்த்தவன் என் நண்பனுடைய மச்சான். அவன் சொன்னதைத்தான் சொல்கிறேன். சிரிப்பவர்கள் இப்போதே எழுந்து போகலாம்.

உள்ளே இருந்ததெல்லாம் கம்பெனிகளின் சர்வர்கள். இரண்டு மாதத்துக்கு முன்பு, பழைய காவல்காரப் பெரியவரின் முதுகோடு ஒட்டிக்கொண்டு ஒருவன் நுழைந்தான். பெரியவரை அடித்துப் போட்டுவிட்டு நான்கு சர்வர்களைக் கழற்றிக்கொண்டு போனான். பெரியவர் பிழைக்கவில்லை. அவன் அகப்படவும் இல்லை.

அதற்குப் பிறகு இரட்டைக் கதவு போட்டார்கள். வெளிக்கதவு மூடினால்தான் உள்கதவு திறக்கும். நடுவில் ஒரே ஆள் நிற்க வேண்டும். இரண்டு பேர் என்றால் சிவப்பு விளக்கு, திறக்காது. இன்னொரு திருட்டு நடந்தால் வீட்டுக்குப் போ என்று சொல்லித்தான் மச்சானைச் சேர்த்தார்கள். அவனுக்குக் கைக்குழந்தை.

அன்று ரோந்துக்காகக் கார்டைத் தேய்த்து நுழைந்தான். வெளிக்கதவு மூடியது. டொக்.

சிவப்பு. "இருவர்."

திரும்பினான்... யாரும் இல்லை. சுருட்டு நாற்றம். பெரியவர் சுருட்டுப் பிடிப்பாராம்.

கன்ட்ரோல் ரூமுக்குப் போன் போட்டான்.

"அண்ணே, மெஷின் ரெண்டு பேர்ங்குது."

"கேமராவுல நீ ஒருத்தன்தான்டா நிக்கிற. தொப்பைய உள்ள இழு."

"விளையாடாதீங்கண்ணே... காதுகிட்ட மூச்சு கேக்குது."

"சரி சரி, வெளிய வந்துட்டு மறுபடி போ."

வெளியே வந்தான். கதவு மூடியது. டொக்.

பச்சை. "ஒருவர்."

வெளிக்கதவுக் கண்ணாடி வழியே பார்த்தான். நடுவில் யாருமில்லை, உள்கதவு தானாகத் திறந்தது. நிதானமாக மூடிக்கொண்டது. வெளிச்சுவர்ப் பலகையில், உள்ளே இருப்பவர்: 1.

காலையில் எல்லோருமாகப் போய்த் தேடினார்கள். ஆள் இல்லை. ஆனால் காலியாகக் கிடந்த நான்கு இடங்களிலும் பழைய சர்வர்கள், திருகாணி முறுக்கி, சூடாக ஓடிக்கொண்டிருந்தன.

"இத்தன நாளா எங்கடா ஒளிச்சு வெச்சிருந்த?" என்றது போலீஸ். கேமராவில் அவன் முகம் மட்டும்தானே இருந்தது. வேலை போயிற்று.

ஒரு வாரம் கழித்துக் கார்டைத் திருப்பிக் கொடுக்கப் போனான். மதிய நேரம், எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். பழக்க தோஷம், பலகையைப் பார்த்தான்.

உள்ளே இருப்பவர்: 2.

உள்கதவை எவனோ ஒருவன் உள்ளேயிருந்து இரண்டு கையாலும் தட்டிக்கொண்டிருந்தான்... அவன் பக்கத்தில் யாரோ, அவசரமில்லாமல், சுருட்டுப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.