ஒவ்வாமை என்ற கட்டம்

ஐயா,

படிவத்தில் எந்தக் கட்டத்தையும் காலியாக விடுவது எனக்குப் பிடிக்காது. எங்கள் தெருவில் யாருக்கு விண்ணப்பம் எழுதுவதென்றாலும் என்னிடம்தான் வருவார்கள். முதலில் பென்சிலில் எழுதிப் பார்த்துவிட்டுத்தான் பேனாவை எடுப்பேன். இந்தக் கடிதத்தையும் அப்படித்தான் எழுதியிருக்கிறேன். சுகன்யா என்ற நர்ஸுக்கு வேலை போனது என்னால்தான். அதை உங்கள் காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவிப்பதே இதன் நோக்கம்.

நான் திண்டுக்கல்லில் ஒரு தோல் கம்பெனியில் கிளார்க். கம்பெனி எடுத்துத் தந்த மருத்துவக் காப்பீடு எனக்கும் என் மனைவி ரஃபியாவுக்கும் மட்டும் உரியது. என் தங்கை சைதூன் மலேசியாவில், கிள்ளானில் இருந்தாள். கணவர் இல்லை, பர்ஹானா என்று ஒரே மகள். அங்கே பிரீமியத்தை வருஷா வருஷம் ஏற்றினார்கள். ஒரு கட்டத்தில் கட்ட முடியாமல் விட்டுவிட்டாள். விட்ட மறுவருஷமே பித்தப்பையில் கல்.

"அண்ணே, இங்க கேக்குற காசுக்கு ஒரு வீடே வாங்கலாம் லா. நம்மூர்ல நல்லா பாக்குறாங்கன்னு எல்லாரும் சொல்றாங்க, வாரேன்" என்றாள்.

வந்தவள் வெறுங்கையோடு வரவில்லை. கொண்டுவந்த பணம் இங்கே ஆபரேஷனுக்குப் போதும். இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். கார்டு இருக்கும்போது கைக்காசைப் போடுவானேன் என்று சொன்னவன் நான்.

ரஃபியா என் தாய்மாமன் மகள். அதனால் அவளுக்கும் சைதூனுக்கும் ஒரே மூக்கு, ஒரே தாடை. ஆதார் படத்தில் யாருமே தங்களைப் போல இருப்பதில்லை. ரஃபியாவின் கார்டைக் காட்டி, ரஃபியா என்ற பெயரிலேயே சைதூனை ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். பேசினால் அந்த 'லா'வோடு மலேசியா வெளியே வந்துவிடும். ஆகவே ஆஸ்பத்திரியில் வாயைத் திறக்கக் கூடாது, எது கேட்டாலும் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன் என்று சொல்லிவைத்தேன்.

"நாலு நாளு ஊமையா இருக்கணுமாண்ணே?"

"இருபத்தாறு வருசமா உங்க அண்ணன்கிட்ட நான் இருக்கேன்ல. பழகிரும் சைதூனு" என்றாள் ரஃபியா. மூன்று பேரும் சிரித்தோம்.

ஆஸ்பத்திரியைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. சுத்தமான இடம். ஒவ்வொரு ஊசிக்கும் முன்னால் பழைய ஃபைலைப் பார்த்தார்கள். அதில் ஒவ்வாமை என்ற கட்டத்தில் 'இல்லை' என்று இருந்தது. மூன்று வருஷத்துக்கு முன் ரஃபியாவை அங்கே சேர்த்தபோது நான் எழுதியது.

ஆபரேஷன் அன்று காலை சுகன்யா ஊசியோடு வந்தார். "ஏதாவது மருந்து ஒத்துக்காம போயிருக்காம்மா?" என்று கேட்டார்.

சைதூன் என்னைப் பார்த்தாள்.

அவளுக்கு ஒன்பது வயதில் எங்கள் ஊர் சித்தையன்கோட்டையில் பென்சிலின் போட்டு உதடும் கண்ணும் வீங்கி, மூச்சு இழுத்தது. சைக்கிளில் வைத்து அவளைத் திரும்ப டாக்டரிடம் கொண்டு போனவன் நான். மறக்கிற விஷயம் இல்லை. ஆனால் உண்டு என்று சொன்னால் ஃபைலோடு ஒத்துப்போகாது. ஒத்துப்போகாவிட்டால் விசாரிப்பார்கள். "இல்லை" என்றேன்.

"போன தடவையும் இதே மருந்துதான் சார் போட்டிருக்கோம், ஒண்ணும் செய்யலை" என்று ஃபைலைக் காட்டினார். அதுவும் பென்சிலின் வகை மருந்துதான். டெஸ்ட் டோஸ் போடவில்லை. சைதூன் கையை நீட்டினாள். அண்ணன் சொன்னால் சரியாக இருக்கும் என்று நினைத்திருப்பாள்.

கொஞ்ச நேரத்தில் மூச்சுத் திணறியது. டாக்டர் ஓடிவந்து, "முன்னாடி இப்படி வந்திருக்கா?" என்று என்னைக் கேட்டார். இரண்டாவது தடவையும் இல்லை என்றேன். மாரடைப்பு என்று நினைத்து அதற்கான வைத்தியத்தில் பத்து நிமிடம் போய்விட்டது. கடைசி வரை அவள் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை.

நகராட்சிப் பதிவில் இறந்தது ரஃபியா. பள்ளிவாசல் பதிவில் சைதூன். பர்ஹானா போன வாரம்கூடப் போனில், "மாமா, அம்மா சர்டிபிகேட் இன்னும் வரலையா?" என்று கேட்டாள். ஆபீசில் இழுத்தடிக்கிறார்கள் என்றேன். சைதூனின் பாஸ்போர்ட் என் பீரோவில் இருக்கிறது.

ஆஸ்பத்திரி நடத்திய விசாரணைக்குக் கணவர் என்ற முறையில் என்னிடம் வாக்குமூலம் கேட்டார்கள். டெஸ்ட் டோஸ் போடாமல் ஊசி போட்டார் என்று இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தேன். அடித்தல் திருத்தல் கிடையாது. அதில் ஒரு பொய்யும் கிடையாது. அந்த இரண்டு பக்கத்தை வைத்துத்தான் சுகன்யாவை வேலையிலிருந்து நீக்கினார்கள்.

ரம்ஜானுக்குத் துணி எடுக்கப் போன கடையில் அவர் சேலைகளை மடித்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து வந்தார். "மேடம் ஞாபகம் தினமும் வருது சார். என்னை மன்னிச்சிருங்க" என்று கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

பரவாயில்லை என்றேன்.

அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை. அவருடைய வேலையைத் திரும்பக் கொடுக்க வேண்டும். குற்றம் முழுக்க என்னுடையது. என்ன தண்டனை என்றாலும் ஏற்றுக்கொள்கிறேன்.

இன்னொரு விஷயம். ரஃபியாவுக்கு மார்பில் கட்டி. உடனே எடுக்க வேண்டும் என்கிறார்கள். போன செவ்வாய்க்கிழமை கார்டைக் கொடுத்தோம். கம்ப்யூட்டரைப் பார்த்த பெண், இந்த அம்மா இறந்து பதினோரு மாசம் ஆகிறது என்று சொல்லிக் கார்டைத் திருப்பிக் கொடுத்தாள். புதன்கிழமை இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன்.

வருகிற திங்களன்று அவளைச் சேர்க்க வேண்டும். அதற்குள் அவள் உயிரோடு இருப்பதாகத் திருத்தித் தரும்படி வேண்டுகிறேன். படிவத்தை நிரப்பி இணைத்துள்ளேன். ஒவ்வாமை என்ற கட்டத்தில் 'இல்லை' என்றே எழுதியிருக்கிறேன். இந்த முறை அது உண்மை.

இப்படிக்கு,
ஹஸ்ஸான்