மண்ணுக்குள் போன சாவி

விளக்கு வைக்கும் நேரம்... மழை விட்டும் தூவானம் விடவில்லை. கோவில்பத்துக்கு அப்பால் ஆளில்லாத சாலை, அதில் கடைசி வீடு. இதோ உட்கார்ந்திருக்கிறானே அகரன், இவன் அக்கா தாமரைச்செல்விக்கு நடந்தது இது. பயப்படுகிறவர்கள் இப்போதே எழுந்து போகலாம். நான் பாதியில் நிறுத்த மாட்டேன்.

அவள் ஆபீஸ் சர்வரைத் தமியேன் சார்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அதைத் திறக்கும் சாவி இரும்பு இல்லை, ஒரு ரகசிய ஃபைல்; அதைப் பென்டிரைவில் போட்டு, ஜெபமாலையோடு கழுத்தில் மாட்டியிருப்பார். நெஞ்சுவலியில் போய்விட்டார். கழுத்தில் இருந்ததைக் கழற்றவே கூடாது என்று மனைவி ரோசலி சொல்லிவிட்டார். சாவியும் சவப்பெட்டிக்குள் போனது. வேறு நகல் கிடையாது.

அவர் வேலை இவளிடம் வந்தது; இவள் பாஸ்வேர்ட் போட்டுத்தான் நுழைவாள். யாரோ அந்தப் பாஸ்வேர்டை ஊகித்து ஊகித்துச் சர்வரைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். பாஸ்வேர்ட் வழியை மூடு, சாவி உள்ளவர் மட்டும் நுழையட்டும், காலைக்குள் முடியாவிட்டால் வேறு ஆள் போடுவேன் என்றார் மேனேஜர் அம்பலவாணன். பொம்பளைப் பிள்ளைக்கு இது ஆகாது என்றும் சொன்னாராம். பற்றிக்கொண்டு வராதா?

அந்தக் கடைசி வீட்டில் தனியாக உட்கார்ந்தாள். பென்டிரைவில் தனக்கொரு சாவி செய்தாள். அதற்கான பூட்டைச் சர்வரில் வைத்தாள். பாஸ்வேர்டை மூடினாள். சாவி திறக்கிறதா என்று பார்க்காமலே வெளியே வந்துவிட்டாள். கோபத்தில் செய்த தப்பு.

மறுபடி நுழையப் பார்த்தால்... அனுமதி இல்லை. திரும்பவும்... அனுமதி இல்லை. வேலை போச்சு. இனி சர்வரைத் திறக்க ஒரே சாவிதான் உண்டு. அது மண்ணுக்குள்.

அப்போது மெழுகுவர்த்தி அணைந்த வாடை. முதுகுக்குப் பின்னால் மணிகள் உரசும் சத்தம்... சர்ர்... சர்ர்... பிறகு ஒன்றுமில்லை.

சும்மா இன்னொரு தரம் முயன்றாள். திறந்துகொண்டது. யார் வந்து போனாலும் சர்வர் குறித்து வைக்கும்; அதைப் பார்த்தாள். சற்றுமுன் யாரோ உள்ளே வந்து, அவள் தப்பைத் திருத்திவிட்டுப் போயிருக்கிறார். எந்தச் சாவியில்? தமியேன் சார் சாவியில்.

நாமாக இருந்தால் ஓடியிருப்போம். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"ரொம்ப நன்றி சார். ஆனா இனிமே இது என் பொறுப்பு. நீங்க வராதீங்க."

சொன்ன கையோடு அவர் சாவிக்கான பூட்டைச் சர்வரிலிருந்து அழித்தாள். பென்டிரைவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு தூங்கினாள்.

காலையில் பார்த்தால், ராத்திரி சர்வருக்குள் மறுபடி ஒரு வருகை. இந்தத் தடவை அவளுடைய சாவியில். கழுத்தைத் தொட்டாள். பென்டிரைவ் முனையில் ஈர மண்...

துடைத்தாள். புதுச் சாவி செய்தாள். வேலைக்குப் போனாள். பேய்க்குப் பயந்து வேலையை விடுகிற ஆளா அவள்? இன்னும் அதே சர்வர்தான்.

நம்பாதவர்கள் அகரனைக் கேளுங்கள். தினமும் காலையில், பல் தேய்க்கும் முன்னால், பென்டிரைவில் ஒட்டிய ஈர மண்ணைத்தான் துடைக்கிறாள்.