தொட்டா ஆடணும்

இல்ல இன்ஸ்பெக்டர் மேடம், அடிச்சது நாந்தான். செஸ்ஸு காயை நகத்திட்டு தலையில தட்டுவோமே, அந்த மரக் கிளாக்கத் தூக்கி ஞானமதி வாய் மேலயே ஒரு போடு. ரெண்டு பல்லு காலி. போர்டெல்லாம் ரத்தம். இன்னொண்ணு போட்டிருப்பேன், அதுக்குள்ள நடுவரா இருந்த ஆர்பிட்டரு என் கைய முறுக்கிட்டாரு.

சிரிக்காதீங்க. செஸ்ஸுன்னா அடிதடி இருக்காதா?

பேரு இருதயசெல்வி. திண்டிவனம். அறுவத்தி நாலு வயசு. முப்பது வருசமா விழுப்புரத்துல லேடீஸ் பைனல்னா நானும் அவளுந்தான். அவ செஞ்சி பக்கம், ஜெயின் வூட்டுப் பொண்ணு. எறும்பக்கூட மிதிக்க மாட்டா. காயை வெட்றேன்னு சொல்ல மாட்டா, எடுத்துக்கறேம்பா. ஆனா போர்டு முன்னாடி உக்காந்துட்டா ராட்சசி மேடம்!

எங்க வூட்டுக்காரரு செத்த மாசம் ஆட வந்தேன். அழுத கண்ணோட யானையத் தப்பாத் தூக்கிட்டேன். தொட்டா ஆடணும்டி செல்வின்னா. தொட்ட காயத்தான் நகத்தணும், அதான் ரூலு. தோத்தேன். பஸ்ஸு வளவனூர் தாண்ட்ற வரைக்கும் அவளத் திட்டிக்கினே போனேன், எங்க அக்கா வூட்டுக்கு. ஆனா ஊரே பாவம் பாவம்னு உச்சுக் கொட்டும்போது, அவ ஒருத்திதான் என்ன ஆளா மதிச்சா. அதுக்காவே அவள எனக்கு உசுரு.

இன்னிக்கா? சொல்றேன். குதிரையத் தூக்கப் போன கை ராணியத் தூக்கிடுச்சி. ராணிய ஆடுனா மூணே நகத்தல்ல நான் செத்தேன். திரும்ப எடத்துலயே வச்சிட்டு அவ மூஞ்சியவே பாக்கறேன். கேளுடி, ஆர்பிட்டரக் கூப்புடுடின்னு. அவ இன்னா பண்ணா தெரியுமா? ஜன்னலப் பாத்தா. ஒண்ணுமே தெரியாதவ மாதிரி! அப்புறம் சன்னமா, தண்ணி குடிக்கறியா செல்வின்னா.

அவ்ளோதான். எனக்குக் கண்ணு மண்ணு தெரியல. செவப்பா ஒழுகறப்போகூட ஆத்திரம் அடங்கல மேடம்.

இன்னாது? ஆஸ்பத்திரியில புகாரு வாணாம்னு சொல்லிட்டாளா? பாத்தீங்களா, மறுபடியும் பிச்ச போடறா! வுடாதீங்க. கேஸு போடுங்க. கோர்ட்டுல எதிர்ல நிக்கட்டும்.

கையெழுத்தா? பேனா வாணாம், மை டப்பா குடுங்க, ரேகை வைக்கறேன். ஆறு மாசமா இந்தக் கை ஒரு எடத்துல நிக்கறதில்ல. இனிமே நிக்காதுன்னுட்டாரு டாக்டரு. எம் பொண்ணு ஜாக்குலினுக்கே சொல்லல. இன்னிக்கு ஞானமதிக்குத் தெரிஞ்சிபோச்சி.