சூரியன் முதுகுப் பக்கம்

காசிமேட்டிலிருந்து திருவொற்றியூர் போகும் ஷேர் ஆட்டோவில், காலி மீன்கூடையை மடியில் வைத்திருந்த அம்மாள் பக்கத்திலிருந்த தோழியிடம் சொன்னார்:

“புச்சா வந்துகீற சாருக்கு கேமராவ எங்க வெக்கிறதுன்னே தெர்லமே.”

“எந்த சாரு?”

“வருசா வருசம் யூனிவர்சிட்டிலேர்ந்து பசங்கள இட்டாந்து நம்மள பேட்டி எடுப்பாங்களே, அந்த டீவி படிப்புக்கு வாத்தியாரு. காலைல கடலப் பாத்து கேமராவ வெக்கிறாரு. சூரியன் என் முதுவுப் பக்கம் கீது. அப்போ மூஞ்சி கறுப்பாத்தான வுழும்? மைக்க வேற ஐஸ் உடைக்கிற மெசினாண்ட நீட்டுறாரு.”

“நீ இன்னா பண்ண?”

“அவர கடல் பக்கம் நிக்க வெச்சிட்டு நான் இந்தாண்ட வந்து நின்னேன். மெசினையும் நிறுத்தச் சொன்னேன். அப்பால அவங்க பெரிய மேடம் வந்தாங்க. படத்தப் பாத்துட்டு, ‘நல்லா வந்திருக்கே, எடம் யாரு பாத்தது’ன்னு கேட்டாங்க. சாரு என்னப் பாத்து முழிக்கிறாரு. அவருக்கு வேலை இன்னும் பர்மனென்ட் ஆவலயாம். சாருதான் பாத்தாருன்னு சொல்லிட்டேன்.”

தோழிக்குக் கோபம் வந்துவிட்டது.

“எல்லாம் நீ பண்ணிட்டு, பேர அவருக்குக் குடுத்துட்டு வந்துகீற. இன்னாத்துக்குமே?”

டோல்கேட்டில் ஆட்டோ நின்றது. அந்த அம்மாள் கூடையை எடுத்துக்கொண்டு இறங்கினார்.

“இவர அனுப்பிட்டா அடுத்த வருசம் வேற ஒருத்தர் வருவாரு. அவருக்கும் நான்தான் மொதல்லேர்ந்து சொல்லிக் குடுக்கணும். இவரு பாதி கத்துக்கினாரு.”