பக்கக்காற்று

காலையில் காபி குடிப்பதற்கு முன்பே நான் செய்கிற முதல் வேலை, ஜன்னல் திரையை விலக்கி எதிரே மின்கம்பியில் சிக்கியிருக்கும் பிளாஸ்டிக் பையைப் பார்ப்பது. போன மழைக்காலத்தில் எங்கிருந்தோ பறந்து வந்து மாட்டிக்கொண்டது. அப்போது வெள்ளை, இப்போது சாம்பல் நிறம். அது வீட்டைப் பார்த்து உப்பிக்கொண்டு நின்றால் ஆற்றங்கரைச் சாலையில் எதிர்க்காற்று. வலப்பக்கம் விரிந்து படபடத்தால் பக்கக்காற்று. குளிர்காலத்தில் சைக்கிளில் வேலைக்குப் போகிறவனுக்கு இதைவிட முக்கியமான செய்தி எந்தப் பத்திரிகையிலும் வராது.

உட்காரச் சொல்கிறீர்கள், நன்றி. நின்றே பேசுகிறேனே. கொஞ்ச நாளாக எனக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்வதில்லை. நாற்காலியில் உட்கார்ந்தால் மேசைக்கு அடியில் கால்கள் தானாக மிதிக்க ஆரம்பித்துவிடுகின்றன. படுத்தாலும் அதே கதைதான். போர்வை ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். அதனால் உங்கள் அறையில் ஜன்னலுக்கும் கதவுக்குமாக நான் நடந்துகொண்டிருந்தால் தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

என் மச்சினனின் விபத்து பற்றி நீங்கள் எழுதிய போலீஸ் அறிக்கையில் ஒரு பிழை இருக்கிறது. அதைத் திருத்தத்தான் வந்தேன். ஒரே ஒரு வரிதான். ஆனால் அந்த வரி விளங்க வேண்டுமென்றால் காற்றைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும், நீங்களோ காரில் வருகிறவர்.

நான் மூக்குக்கண்ணாடி லென்ஸ் தேய்க்கும் பட்டறையில் வேலை செய்கிறேன். தேய்த்து வருகிற லென்ஸை விளக்குக்கு முன்னால் பிடித்துக் கீறல் பார்ப்பது என் பிரிவு. மற்றவர்கள் கண்ணுக்குத் தெரியாத கீறல் எனக்குத் தெரியும். சும்மா சொல்லவில்லை, அங்கே யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். உட்கார்ந்தே பார்க்கிற வேலை என்பதால் உடம்பு ஊதி, சர்க்கரை ஏறி, கடைசியில் டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். சைக்கிள் வாங்கினேன். முதல் குளிர்காலம் நாக்குத் தள்ளியது. அடுத்ததில் பழகிவிட்டது. காது மடல் மரத்துப்போய், கண்ணில் நீர் வழிய, வாயைத் திறந்தால் வாய்க்குள்ளேயே காற்று புகுந்துகொள்ளும். ஆனாலும் அந்தச் சாலையில் நான் தனியாக இருந்தேன். எனக்குப் பிடித்திருந்தது.

பிறகு என் மனைவியின் தம்பி எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தான். அவன் வேலை பார்த்த கம்பெனியை மூடிவிட்டார்கள். நான்தான் மேனேஜரிடம் பேசிப் பட்டறையில் சேர்த்துவிட்டேன். சைக்கிளும் நானே பார்த்து வாங்கிக் கொடுத்தேன். "காத்து பலமா அடிக்குது, அவனுக்குப் பழக்கமில்ல. உங்க பின்னாலேயே கூட்டிட்டுப் போங்க," என்றாள் என் மனைவி. அப்படியே செய்தேன்.

இரண்டு சைக்கிள் ஒன்றன் பின் ஒன்றாகப் போனால் முன்னால் இருப்பவன் காற்றை உடைக்கிறான். பின்னால் ஒட்டி வருகிறவனுக்கு உழைப்பு ரொம்பக் குறைவு. மாறி மாறி முன்னால் போக வேண்டும் என்பதுதான் முறை. காற்று நேரே வந்தால் பின்னவன் நேர் பின்னால் இருப்பான். இடமிருந்து அடித்தால் முன்னவனின் வலப்பக்கம் சற்று ஒதுங்கி, அவன் முதுகின் மறைவில் வருவான். என் மச்சினன் இதை ஒரே நாளில் கற்றுக்கொண்டான். மாறி மாறிப் போகும் பகுதியை மட்டும் கடைசி வரை கற்றுக்கொள்ளவில்லை.

"அத்தான், உங்க முதுகுக்குப் பின்னால ஹீட்டர் போட்ட மாதிரி இருக்கு," என்பான். முன்னால் வாடா மாப்ள என்றால் முட்டி வலிக்கும், இருமல் வரும். "அந்தத் திருப்பத்துல நான் முன்னால வந்துடறேன் அத்தான்." சொன்னபடி வரவும் செய்வான். திருப்பத்துக்குப் பிறகு காற்று எங்கள் முதுகைத் தள்ளும். அங்கே என்னைத் தாண்டிக்கொண்டு சிட்டாகப் பறந்து பட்டறை வாசலில் முதலில் இறங்குவான்.

நான் போய்ச் சேரும்போது வாசலில் பேச்சு நடந்துகொண்டிருக்கும். "பெரியவரை எங்க விட்டுட்டு வந்தீங்க?" என்று காவலாளி கேட்பார். "வந்துட்டே இருக்கார். வயசாச்சுல்ல, மூச்சு வாங்குது பாவம்," என்பான் அவன். எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன். இதையெல்லாம் மனதில் வைத்துக்கொண்டு செய்தேன் என்று நினைக்காதீர்கள். அவ்வளவு அற்பமான ஆள் இல்லை நான்.

பின்னால் வருகிறவனுக்கு எதிரே என்ன இருக்கிறது என்று தெரியாது. அவன் தலையைக் குனிந்து என் பின்சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு வருவான். குல்லாவைப் புருவம் வரை இழுத்துவிட்டிருப்பான். அதற்காகச் சில கைச்சாடைகள் வைத்திருந்தோம். கையைக் கீழே இறக்கி விரலை நீட்டினால் பள்ளம். முஷ்டியை முதுகில் வைத்தால் நிற்க வேண்டும். உள்ளங்கையை முதுகுக்குப் பின்னால் அசைத்தால் எதிரே தடை இருக்கிறது, என் நேர் பின்னால் வந்து ஒட்டிக்கொள் என்று அர்த்தம். கை வரவில்லை என்றால் வழி சுத்தம். நான் ஒருநாளும் தவறவிட்டதில்லை. கையை எடுத்தால் சைக்கிள் ஆடும், விரல் விறைத்துப்போகும், இருந்தும் விட்டதில்லை. "உங்க கோட்டு முதுகுல எத்தனை தையல்னு கேளுங்க அத்தான், கரெக்டா சொல்றேன். ரோட்டுல என்ன இருக்குன்னு மட்டும் கேக்காதீங்க," என்று சாப்பாட்டு மேசையில் சொல்லிச் சிரிப்பான்.

பட்டறையில் புதிதாக ஒரு பிரிவு தொடங்கினார்கள். லென்ஸ் மேல் பூச்சு போடும் பிரிவு. அதற்குப் பொறுப்பாளர் நான்தான் என்று எல்லாருமே நினைத்தோம். என் மனைவி பக்கத்து வீடு வரை சொல்லிவிட்டாள். மேனேஜர் எங்கள் இருவரையும் சேர்த்தே கூப்பிட்டார்.

"இந்தக் காத்துல மிதிச்சு வந்தும் ஆள் எப்படிப் பளிச்சுனு நிக்கிறான் பாருங்க. இந்தத் தெம்புதான் அங்க வேணும். நீங்க தப்பா நினைக்கக் கூடாது. காலையில வந்து ரொம்ப நேரம் உங்களுக்கு மூச்சே திரும்ப மாட்டேங்குது."

தப்பாக நினைக்கவில்லை என்று சொன்னேன். என் மச்சினன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். அன்றைக்கு வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அன்று சாயங்காலம் கேக் வாங்கி வந்து முதல் துண்டை எனக்கு ஊட்டினான். "எல்லாம் அத்தானாலதான்," என்றான். கண்கலங்கித்தான் சொன்னான், அதை மறுக்கவில்லை. ஆனால் வீட்டில் சொல்லி என்ன பயன்? அந்தக் கேக்கை விழுங்க எனக்குத் தண்ணீர் தேவைப்பட்டது.

ஆற்றுப் பாலத்தின் நுழைவில் நடுவே ஓர் இரும்புக் கம்பம் உண்டு, பார்த்திருப்பீர்கள். கார்கள் நுழையாமல் தடுக்க வைத்தது. குப்பை வண்டி போவதற்காகக் காலையில் அதைக் கழற்றிவிடுவார்கள். வண்டி சீக்கிரம் வந்துபோன நாட்களில் நாங்கள் வருவதற்குள் திரும்ப மாட்டியிருப்பார்கள். ஆக, ஒருநாள் இருக்கும், ஒருநாள் இருக்காது. நான் எப்போதும் கம்பத்துக்கு இடப்பக்கமாகவே போவேன். எதிர்க்காற்று நாளில் மச்சினனும் என் பின்னாலேயே இடப்பக்கமாக வந்துவிடுவான், கம்பம் இருந்தாலும் ஒன்றுமில்லை. பக்கக்காற்று நாளில் அவன் எனக்கு வலப்பக்கம் ஒதுங்கி வருவான். அந்தப் பாதை சரியாகக் கம்பத்தின் மேல் போய் முடியும்.

பொறுப்பாளர் விஷயம் முடிவான பிறகுதான் நான் அந்தப் பிளாஸ்டிக் பையைத் தினமும் பார்க்க ஆரம்பித்தேன். அதற்கு முன் அது எந்தப் பக்கம் விரிகிறது என்று கவனித்ததில்லை. பல நாள் அது வீட்டைப் பார்த்தே உப்பிக்கொண்டிருந்தது. ஒருநாள் வலப்பக்கம் விரிந்தது, ஆனால் பாலத்தில் கம்பம் இல்லை. இன்னொரு நாள் கம்பம் இருந்தது, காற்று நேர் எதிரே. அப்போதே கால்கள் படுத்த ஆரம்பித்துவிட்டன. பட்டறையில் உட்கார முடியவில்லை. நன்றாக இருந்த லென்ஸில் கீறல் இருப்பதாகத் திருப்பி அனுப்பினேன். யோசித்துப் பாருங்கள். காற்று என் கையில் இல்லை, கம்பம் என் கையில் இல்லை. இரண்டும் ஒன்றாகக் கூடி வந்தால் அதில் என் பங்கு என்ன இருக்கிறது என்று நானே என்னைக் கேட்டுக்கொண்டேன்.

அன்று காலை பை வலப்பக்கம் விரிந்து படபடத்தது. காபி குடித்தேன். என் மனைவி தம்பியின் கழுத்தில் சால்வையைச் சுற்றிவிட்டாள். கரைச் சாலையில் காற்று சைக்கிளையே தூக்கிப் போடப் பார்த்தது. அவன் என் வலத்தோளுக்குப் பின்னால் வந்து பதுங்கிக்கொண்டான். "இன்னிக்கு செம காத்து அத்தான், நல்லா அகலமா உக்காருங்க," என்று கத்தினான். பாலத்தின் நுழைவில் கம்பம் நின்றது. தூரத்திலிருந்தே பார்த்துவிட்டேன், கீறலையே பார்க்கிறவன் நான். வழக்கம்போல் இடப்பக்கமாகப் போனேன். வழியை ஒரு விரற்கடை மாற்றவில்லை, வேகத்தைக் கூட்டவில்லை. இரண்டு கைகளும் ஹேண்டில்பாரில் இருந்தன.

லென்ஸ் தட்டு கீழே விழுந்தது போல ஒரு சத்தம் கேட்டது. நான் உடனே நிறுத்தவில்லை. பாலத்தின் மறுமுனைவரை போய்த்தான் நிறுத்தினேன். பின்னால் யாரும் ஒட்டிக்கொள்ளாமல் மிதித்தது வெகுநாளைக்குப் பிறகு அன்றுதான். திரும்பி வந்து ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன், என் கோட்டைக் கழற்றி அவன் மேல் போர்த்தினேன். அதை அறிக்கையில் சரியாகவே எழுதியிருக்கிறீர்கள்.

அவனால் இனி நடக்க முடியாது என்று டாக்டர் சொன்னபோது என் மனைவி என் கையைத்தான் பிடித்துக்கொண்டாள். நீங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்து அவனை விசாரித்தீர்கள். நானும் அறையில் இருந்தேன். "அத்தான் கை காட்டியிருப்பார் சார். ஒருநாள் கூட காட்டாம இருந்ததில்ல. நான்தான் கவனிக்கல," என்றான். நீங்கள் என்னைத் திரும்பிப் பார்த்தீர்கள். நான் தலையாட்டவில்லை. ஆட்டியிருந்தால் அது பொய்யாகியிருக்கும். நீங்களாகவே எழுதிக்கொண்டீர்கள்: முன்னால் சென்றவர் முறைப்படி கை காட்டினார்.

அந்த வரிதான் பிழை. நான் கை காட்டவில்லை. கம்பம் தெரிந்தது, அவன் எங்கே வருகிறான் என்பது தெரிந்தது, என்ன ஆகும் என்பதும் தெரிந்தது. கை காட்டவில்லை. புதிய பிரிவு இப்போது என் பொறுப்பில் இருக்கிறது. நான் கேட்கவில்லை, மேனேஜரே கொடுத்தார். அதைப் பற்றி எனக்கு உறுத்தல் கிடையாது. ஆனால் பட்டறையில் பார்க்கிறவர்கள் எல்லாம், "கடைசி வரைக்கும் கை காட்டிக் கூட்டிட்டுப் போனாராமே, இப்படி ஒரு மனுஷனா," என்று என்னைத் தலையில் தூக்கிவைத்து ஆடுகிறார்கள். அதைக் கேட்டால் என்னால் உட்கார முடியவில்லை. செய்யாத வேலைக்குப் பேர் வாங்குவது என் வழக்கமில்லை. அது அவன் வழக்கம். திருத்தி எழுதிக் கொடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

அவன்மேல் எனக்கு இப்போது கோபம் எதுவும் இல்லை. தினமும் சாயங்காலம் சக்கர நாற்காலியில் வைத்து நான்தான் அவனை வெளியே கூட்டிப் போகிறேன். காற்றாட இருந்தால் நல்லது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அதே கரைச் சாலைதான். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதோ அதற்கு நேர் எதிராகத் தள்ளிக்கொண்டு போவேன். அவன் முன்னால், நான் பின்னால். நேற்று அவனுக்குப் பல் கிட்டித்தது. அப்போதும், "அத்தான், உங்களுக்குக் குளிரலையே?" என்று திரும்பிக் கேட்டான். "இல்ல மாப்ள, நீதான் முன்னால இருக்கியே," என்றேன். அந்த நேரம் ஒன்றில்தான் என் கால்கள் அமைதியாக இருக்கின்றன.

எழுதி முடித்துவிட்டீர்களா? என்னை எங்கே அனுப்புவதானாலும் அனுப்புங்கள், மறுக்க மாட்டேன். சாயங்காலத்துக்குள் மட்டும் ஒருமுறை விட்டுவிட முடியுமா என்று பாருங்கள். அவன் வாசலில் காத்திருப்பான். இந்தப் பருவத்தில் காலையில் பிடித்த காற்று பொழுது சாயும்வரை மாறாது, பையை இன்றும் பார்த்துவிட்டுத்தான் வந்தேன். நல்ல காற்று.