ஒரு சஹனுக்கு ஆறு பேர்

முதலில் என் முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். எல்லாரும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். நான் ஒரு பலகையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறேன். ஒரு முழ உயரம். மேலே ஒரு நாட்டின் கொடி. கீழே, இந்தச் சாப்பாடு அந்நாட்டு மக்களின் அன்பளிப்பு என்று இரண்டு மொழியில் எழுத்து. அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடுகிறேன். இலங்கையின் சாய்ந்தமருதிலிருந்து லெபனானுக்குப் போன சமையல்காரன் உயிரைக் காப்பாற்றுகிறானா, கொடியைக் காப்பாற்றுகிறானா என்று பார்த்தவர்கள் குழம்பியிருப்பார்கள். பார்க்க ஆள் இருக்கவில்லை. தூசி.

செவ்வாய்க்கிழமை. நண்பகல் லுஹர் தொழுகைக்கான பாங்கு முடிந்த கையோடு.

சத்தம் முதலில் வரவில்லை. அதையும் சொல்லவேண்டும். எங்கள் கரையில் யுத்த காலத்தில் வளர்ந்தவனுக்கு ஷெல் குண்டு புதிதல்ல. தூரத்தில் 'டொம்'. பிறகு கூவல். பிறகு விழுகை. அந்தக் கூவல் முடிவதற்குள் சுவரோரம் படுத்துவிடலாம். சின்ன வயதில் படுத்திருக்கிறேன். இங்கே கூவல் இல்லை. வானத்தில் நாள் முழுக்க ஆளில்லா விமானத்தின் இரைச்சல் மட்டும். சைலன்சர் உடைந்த மோட்டார் சைக்கிள் தெரு முடக்கில் நின்று உறுமுவதுபோல. அது பழகிவிட்டது. பிறகு வெளிச்சம். பிறகு காதுக்குள் 'ங்' என்று ஒரே சத்தம்.

"எழும்புங்கடா! உள்ள ஓடுங்கடா!"

என்னோடு சமைக்கிற மூத்த அக்கா, ஜெஸீமா ராத்தா, கத்துகிறார். தமிழில் கத்துகிறார். பாதி ஆயுளை அரபு வீடுகளில் வேலை செய்து கழித்தவர். அந்த நேரத்தில் ஓர் அரபுச் சொல்லும் வாயில் வரவில்லை. அந்த இடத்தில் தமிழ் விளங்கிய ஒரே ஆள் நான். நான் எழும்பித்தான் நின்றேன். மற்றவர்கள்தான் குந்தியிருந்தார்கள். அவர்களைக் குந்த வைத்தவனும் நான்.

அது ஒரு பள்ளிக்கூடம். லெபனானின் தெற்கே. கரும்பலகை மாட்டிய அறைகளில் குடும்பங்கள். பெரும்பாலும் பலஸ்தீனர்கள். பாட்டன் காலத்தில் அகதியாக வந்து, முகாமில் பிறந்து, இப்போது அந்த முகாமிலிருந்தும் ஓடி வந்தவர்கள். சில சிரியர்கள். ஒரு நிவாரண அமைப்பு சமையலறை நடத்தியது. காசு வெளிநாட்டு அரசாங்கங்களுடையது. மாவு மூட்டையில் ஒரு கொடி. எண்ணெய் டின்னில் இன்னொரு கொடி. பருப்பில் வேறொரு கொடி. வெளியே முகம் பார்க்காத நாடுகள் எல்லாம் என் கிடாரத்துக்குள் சமாதானமாகக் கொதித்தன. எனக்கு இது புதினமில்லை. சுனாமிக்குப் பிறகு எங்கள் பக்கத்தில் ஒரே கிணற்றுக்கு மூன்று நாட்டுப் பலகை நட்டிருந்தார்கள். தண்ணீர் உப்பு.

பிறகு எந்தத் தலைநகரிலோ யாரோ கையை உயர்த்தினார்கள். இரண்டு அரசாங்கங்கள் காசை நிறுத்தின. காரணம் செய்தியில் சொன்னார்கள். எங்களுக்கு அது பெட்டியாகத் தெரிந்தது. அதுவரை ஆளுக்கொரு பெட்டிச் சோறு கொடுத்தோம். பெட்டி வருவது நின்றது. அரிசி பாதியானது.

பெட்டி இருந்தவரை சனம் அதை வாங்கிக்கொண்டு நிலவறைக்குள் போய்விடும். இதைக் கவனியுங்கள். பெட்டி சனத்தைப் பிரித்து வைத்தது. நான் கூட்டி வைத்தேன்.

ஊர்க் கலியாண வீட்டு யோசனை எனக்கு வந்தது. சஹன். ஒரு பெரிய தட்டு, சுற்றி ஆறு பேர். நாலு பேரின் சோறு ஆறு பேருக்குக் காணும். அடுத்தவன் கை மெதுவாகப் போவதைப் பார்த்து நம் கையும் மெதுவாகப் போகும். வெட்கம்தான் அதில் பாதிக் கறி. சமையலறையில் பழைய பேக்கரித் தட்டுகள் கிடந்தன. தேய்த்துக் கழுவினேன். வல்லரசுகள் கைவிட்ட இடத்தைச் சாய்ந்தமருது பிடித்துக்கொண்டது என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

மிஞ்சியிருந்த ஓர் அரசாங்கத்துக்குப் படம் வேண்டும். சனம், சாப்பாடு, பலகை, மூன்றும் ஒரே படத்தில். படம் போகாவிட்டால் லொறி வராது.

"தம்பி, வெளிய குந்த வெக்காத," என்றார் ராத்தா. எங்கள் பக்கத்து ஊர் மருதமுனைக்காரி. கேட்கமாட்டார், சொல்லுவார். "மேல இரையிறது ஒனக்குக் கேக்கல்லயா?"

"உள்ள இருட்டு ராத்தா. படம் வுழாது. படம் வுழாட்டி அரிசி வராது."

"அப்ப ரெண்டு பேர வெச்சு எடு. ஊரயே குந்த வெக்கணுமா?"

"ரெண்டு பேர் திண்டா கலியாண வீடு மாதிரி இரிக்காதே."

"கலியாணமாம். ஒனக்கு வாய் மட்டும்தான்டா இரிக்கி."

ஓம். வாய் மட்டும்தான்.

அபூ நபீல் என்று ஒருவர். அபூ வலீத் என்று இன்னொருவர். ஒரே வகுப்பறை. மெத்தை போடும் இடத்துக்குச் சண்டை பிடித்துப் பல நாளாகப் பேச்சுக் கதை இல்லை. எங்கள் ஊரில் கோபித்துக்கொண்ட மச்சான்மாரை ஒரே சஹனில் குந்த வைப்போம். இறைச்சித் துண்டை யாராவது ஒருவர் மற்றவர் பக்கம் தள்ளத்தான் வேண்டும். தள்ளினால் கோபம் முடிந்தது. சுற்றி நிற்கிறவர்களுக்கு நல்ல சிரிப்பு. அந்தச் சிரிப்புக்கு ஆசைப்பட்டேன்.

அபூ நபீல் நிலவறைப் படியில் கால் வைத்துவிட்டார். மனைவி உம்மு நபீல் இரண்டு படி கீழே. நான் ஓடிப்போய் அவருடைய சட்டைக் கையைப் பிடித்தேன். என் அடுப்படி அரபியில் ஏதோ பகிடி சொன்னேன். என்ன சொன்னேன் என்று நினைவில்லை. அவர் சிரித்தது நினைவிருக்கிறது. உம்மு நபீல் வேண்டாம் என்று கையை அசைத்தார். அவருக்கும் ஒரு சலாம் போட்டேன். அபூ நபீல் வந்தார். அபூ வலீத்துக்குப் பக்கத்தில் குந்தினார்.

பலகை வரும்வரை யாரும் கை வைக்கக்கூடாது என்றேன். அவர்களிடம் நான் கடைசியாகச் சொன்னது அதுதான். பசித்த சனம். கேட்டார்கள். விருந்தாளிகள்போலக் கையைக் கட்டிக்கொண்டு இருந்தார்கள். பலகை சமையலறையில், கிடாரத்துக்குப் பின்னால். எடுக்கப் போனேன்.

அந்தச் சமையலறைச் சுவர் என்னைக் காப்பாற்றியது.

எனக்குப் பாஸ்போட் இருந்தது. நாட்டுக்கு அனுப்பும் விமானத்தில் இடம் கிடைத்தது. அந்தச் சனத்துக்கு அனுப்பி வைக்க ஒரு நாடு இல்லை. ராத்தாவுக்கும் இடம் கிடைத்தது. வரவில்லை. "அப்ப கிடாரத்த ஆரு பாக்குற?" என்று கேட்டார். போயிட்டு வாறன் ராத்தா என்றேன். ஒலுவில் துறைமுகத்துக்கு மீன் வாங்கப் போகிறவன்போலச் சொன்னேன். போனேன். திரும்பவில்லை.

இப்போது ஊர்த் தேத்தண்ணிக் கடையில் என்னைப் 'பலகைக் காக்கா' என்கிறார்கள். எங்களுக்குக் காக்கா என்றால் அண்ணன். பெயர் வைத்ததும் நான்தான். ஓடிய கதையைச் சொல்கிறேன். சிரிக்கிறார்கள். சட்டைக் கையைப் பிடித்ததைச் சொல்வதில்லை. கலியாண வீட்டு வேலைக்குக் கூப்பிடுகிறார்கள். முதுகு வலி என்கிறேன்.

போனவர்கள் இவர்கள். அபூ நபீல். அபூ வலீத், அவர் தோளோடு தோளாக. கோபம் முடிந்ததா, தெரியாது. இறைச்சித் துண்டில் இருவரும் கை வைத்திருக்கவில்லை. அபூ வலீத்தின் இரண்டு மகள்மார். ஒரு சிரியத் தையல்காரர். நாளும் சோறு போட்டேன், பெயரைக் கேட்கவில்லை. பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்த ஹனான் டீச்சரின் வலது கால். அபூ நபீலின் மகன் நபீலின் கண்கள். கழுவி வைத்த தட்டுகள் எல்லாம். அன்றைய சோறு முழுவதும், ஒருவர் வாய்க்கும் போகாமல்.

போன வெள்ளிக்கிழமை ராத்தாவுக்குப் போன் எடுத்தேன். படம் கேட்ட அரசாங்கமும் காசை நிறுத்திவிட்டதாம். சமையலறையில் இப்போது உம்மு நபீலும் நிற்கிறாராம்.

"ராத்தா, எனக்காக அவட்ட மாப்புக் கேளுங்களன்."

"நீ செஞ்சத்துக்கு நான் கேக்கவா? இந்தா, அவதான் நிக்கா. நீயே கதை."

போன் கை மாறியது. பல நாள் பாடமாக்கி வைத்த அரபியில் சொன்னேன். உங்கள் மனிசனைப் படியிலிருந்து இழுத்து வந்தவன் நான். சாப்பிட விடாமல் குந்த வைத்தவனும் நான். எனக்கு நித்திரை இல்லை. என்னை மன்னியுங்கள். பகிடி ஒன்றும் சேர்க்கவில்லை. அங்கே கிடாரத்தின் அடியில் கரண்டி உரசும் சத்தம். அதற்கு மேல் அதே இரைச்சல். கரண்டி நின்றது.

"அரிசி முடிந்துவிட்டது," என்றார் உம்மு நபீல்.