மறுபடியும் அதே விதை

கோலா சிலாங்கூர் விதைக்கடை வரிசையில் எனக்கு முன்னால் நின்ற எஸ்டேட்காரர், பக்கத்தில் நின்ற தன் மனைவியின் அண்ணனிடம் மெதுவாகச் சொன்னார்:

"மாட்டு மூஞ்சியப் பாக்கவே வெக்கமா இருக்கு மச்சான்."

"ஏன் மாப்பிள?"

"அது திங்கன்னு கினிப்புல் விதைச்சேன்ல? உங்க தங்கச்சி ஜெராம்ல இருக்கிற மக வீட்டுக்குப் போயிருந்தப்ப முளைச்சிருக்கு. களைன்னு நெனச்சு நானே மருந்தடிச்சுட்டேன்."

அண்ணன் சிரித்துவிட்டார். "எஸ்டேட்டுல காலம்பூரா புல்லுக்கு மருந்தடிச்ச கை லா, சும்மா இருக்குமா? இந்தத் தடவ நேப்பியர் புல்லுத் தண்டு வாங்கி நட்டுடுங்க. கரும்பு மாதிரி தடியா வரும், அடையாளம் தெரியும்."

"வேணாம். அதே விதைதான் வேணும்."

"ஏன்?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"உங்க தங்கச்சிகிட்ட இன்னும் சொல்லல. விதை இனிமேதான் முளைக்கும்னு நெனச்சு, தெனமும் அந்த மண்ணுக்குத் தண்ணி ஊத்துறா மச்சான்."